பதக்கத்துக்குப் பின்னால் ஒரு கரும்பலகை

முல்லைத்தீவிலிருந்து சிலாவத்தை, அளம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்து கொக்குளாய் நோக்கிச் செல்லும் வீதியில் நாயாற்றுப் பாலம் வரும். ஒரு பக்கம் நீரேரி, மறுபக்கம் கடல், நடுவே மணல்திட்டு. இந்தக் கரையில் பிறந்தவன் என்ற உரிமையில், ஆண்டில் ஒரு தடவையேனும் அப்பாலத்தில் இறங்கி நிற்பது என் வழக்கம். சென்ற மாதம் காணி அலுவலொன்றுக்காக அப்பக்கம் போனபோது, அந்த வட்டாரத்துப் பாடசாலை ஒன்றுக்குள்ளும் எட்டிப் பார்க்க நேர்ந்தது. பாலத்துக்கு இப்பாலா அப்பாலா என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் பழி முழுவதும் அந்த ஒரு பாடசாலையின் தலையில் விழும். நான் கண்டது வன்னியின் பல பாடசாலைகளிலும் நடப்பதுதான்.

வகுப்பறைச் சுவரில் நேரசூசி ஒட்டப்பட்டிருந்தது. அப்போது நடக்க வேண்டியது உடற்கல்விப் பாடம். மைதானத்தில் இரண்டு மாடுகள் மேய்ந்து கொண்டிருந்தன. பிள்ளைகளோ மரநிழலில் அமர்ந்து கணித மாதிரி வினாத்தாளைப் பார்த்து எழுதிக் கொண்டிருந்தார்கள். பொறுப்பாக நின்ற இளம் ஆசிரியரிடம் காரணம் கேட்டேன். அவர் தயங்காமல் பதில் சொன்னார்: "பெறுபேறு குறைஞ்சால் மேலிடத்தில கேப்பினம் ஐயா. பிள்ளையள் ஓடினவையோ பாய்ஞ்சவையோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் திரும்பி வரும் வழியெங்கும், இதே கரையில் எனக்குக் கற்பித்த வேறொரு ஆசிரியரின் முகமே கண்முன் நின்றது.

அவர் எங்களுக்கு வரலாறு கற்பித்தவர். இளமையில் ஊரணிகளுக்காக உதைபந்தாடியவர். முழங்காலில் பட்ட காயத்தின் பின்னர் ஆட்டத்தைக் கைவிட்டு ஆசிரியரானார். எங்கள் பாடசாலையில் உயரம் பாய்வதற்கான தூண்களோ குறுக்குக்கோலோ இருக்கவில்லை. இரண்டு பனைகளுக்கிடையே கரைவலைக் கயிற்றுத் துண்டொன்றைக் கட்டி, கீழே கடற்கரை மணலைக் குவித்து, எங்களைப் பாயவிட்டார். ஒருநாள் ஏணி வைத்து ஏறி, ஒரு பனையில் கரியால் கோடொன்று கீறினார். தரையிலிருந்து ஆறடி எட்டு அங்குலம். எங்களில் எவரும் கையை உயர்த்தினாலும் அக்கோட்டைத் தொட முடியாது.

"யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருத்தன் யப்பானில போய் இவ்வளவு உயரம் பாய்ஞ்சவன்" என்றார். அந்தக் கோட்டின் கீழே நின்றுதான் எதிர்வீரசிங்கம் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1934இல் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். பதினெட்டு வயது நிரம்புமுன்பே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தார். 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். 1958இல் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர், அதாவது என் ஆசிரியர் கீறிய அதே ஆறடி எட்டு அங்குலம், பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் பெற்றார்.

இந்த வெற்றியின் திகதியை வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். டோக்கியோப் போட்டிகள் 1958 மே 24இல் ஆரம்பமாகி ஜூன் 1இல் நிறைவடைந்தன. இலங்கையில் தமிழருக்கு எதிரான வன்முறை மூண்டது மே 22இல். அவசரகாலச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது மே 27இல். 1956இல் தனிச்சிங்களச் சட்டம், 1957இல் பண்டா-செல்வா ஒப்பந்தம், 1958 ஏப்ரிலில் அவ்வொப்பந்தம் கிழித்தெறியப்படல் என்று வந்த வரிசையின் முடிவு அது. ஒரு தமிழ் இளைஞன் நாட்டின் பெயரை மார்பில் தாங்கி டோக்கியோவில் நின்ற அதே நாட்களில், அந்த நாட்டின் வீதிகளில் தமிழர்கள் தேடித் தேடித் தாக்கப்பட்டார்கள். இதற்கு மேல் உரை எதுவும் தேவையில்லை.

பதக்கத்தோடு அவருடைய கதை முடிந்திருக்கலாம். எத்தனையோ வீரர்களின் கதை அப்படித்தான் முடிந்திருக்கிறது. எதிர்வீரசிங்கம் லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆபிரிக்காவின் சியரா லியோனில் பல்கலைக்கழக ஆசிரியராகப் பணியாற்றினார். யுனெஸ்கோவின் கல்விப் பணிகளிலும் ஈடுபட்டார். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர், வயது எழுபதை நெருங்கிய காலத்தில், வடக்குக் கிழக்கின் கல்விக்காக இங்கு வந்து உழைத்தார். பாய்ந்த ஆண்டுகளை விடக் கல்வியில் உழைத்த ஆண்டுகளே அவர் வாழ்வில் பல மடங்கு அதிகம்.

2024 ஏப்ரிலில் அவர் அமெரிக்காவில் காலமானார். செய்தி வந்த இரவு நான் மேசையில் இருந்தேன். விளையாட்டுப் பக்கத்தில் இரண்டு நிரல் ஒதுக்கினோம். தலைப்பு, பழைய படம், பதக்க விபரம் என்று எல்லாம் முறைப்படி வந்திருந்தது. மறுநாள் என் ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது எண்பதைத் தாண்டியவர். காது சற்று மந்தம். நினைவு மந்தமில்லை.

"எந்தப் பக்கத்தில தம்பி போட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"விளையாட்டுப் பக்கத்தில, சேர்."

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "அவர் வாத்தியெல்லே. கல்விப் பக்கத்திலயெல்லே போட்டிருக்க வேணும்."

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கிறேன். என் தவறு ஒன்றை இவ்வளவு சுருக்கமாக எவரும் எனக்குச் சுட்டிக்காட்டியதில்லை. விளையாட்டும் கல்வியும் இருவேறு பக்கங்கள் என்று பத்திரிகைக்காரராகிய நாங்களும் பிரித்து வைத்திருக்கிறோம். நேரசூசியில் பாடசாலைகள் செய்வதும் அதே பிரிவினைதான். இக்கட்டுரை அந்தத் தவறுக்கான பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்விரண்டையும் பிரிக்காத ஒரு தேசம் இருந்தது. அதுதான் வேல்ஸ். பிரித்தானியாவின் மேற்குப் புறத்தில், ஆங்கிலத்தின் நிழலில் தன் மொழியைக் காப்பாற்றப் போராடிவரும் சிறிய நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டின் பல பாடசாலைகளில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டொன்றைத் தொங்கவிட்டுத் தண்டித்தார்கள். நிலக்கரிச் சுரங்கங்களும் தேவாலயப் பாடற்குழுக்களும் றக்பி விளையாட்டுமே அந்த மக்களின் அடையாளங்களாக இருந்தன.

அங்கு றக்பி வீரர் பலர் பாடசாலை ஆசிரியர்களாக இருந்ததற்கு நடைமுறைக் காரணமொன்று உண்டு. றக்பி யூனியன் ஆட்டத்துக்கு ஊதியம் பெறுவது 1995 வரை விதிகளால் தடுக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமை ஐம்பதாயிரம் பேர் முன்னிலையில் ஆடியவர் திங்கட்கிழமை சுரங்கத்துக்கோ, உருக்காலைக்கோ, வகுப்பறைக்கோ திரும்பியாக வேண்டும். எழுபதுகளில் உலகப் புகழ் பெற்ற ஜெரால்ட் டேவிஸ், மேர்வின் டேவிஸ் ஆகிய இருவரும் ஆசிரியத் தொழில் பார்த்தவர்களே. தொழில்முறை ஆட்டம் வந்த பின்னர் வீரர்களுக்குப் பணம் கிடைத்தது. அது நியாயமானதே. ஆனால் வகுப்பறைக்கு வந்து கொண்டிருந்த அந்த மனிதர்களின் வரவு அருகிப் போயிற்று.

அவர்களுள் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் கார்வின் ஜேம்ஸ். 1929இல் கெவ்னைதின் என்ற சுரங்கக் கிராமத்தில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். அபெரிஸ்ட்வித்தில் வெல்ஷ் மொழியும் இலக்கியமும் கற்றுப் பட்டம் பெற்றார். கட்டாய சேவைக் காலத்தில் கடற்படையில் ரஷ்ய மொழி பயின்றார். லனெல்லிக் கழகத்தின் ஆட்டக்காரராக விளங்கினார். நாட்டின் அணிக்காக ஆடும் வாய்ப்பு இரண்டே இரண்டு தடவைதான் கிடைத்தது. அவ்விரண்டும் 1958இல், அதாவது எதிர்வீரசிங்கம் தங்கம் வென்ற அதே ஆண்டில். அவர் ஆடிய இடத்தில் கிளிஃப் மோர்கன் என்ற மகத்தான ஆட்டக்காரர் அதுவரை இருந்தமையே காரணம்.

ஆட்டக்காரராக இரண்டே தடவை தேசிய அணியில் இடம்பெற்ற இம்மனிதரை வேல்ஸ் இன்றுவரை ஏன் நினைவில் வைத்திருக்கிறது? அவர் ஆசிரியர் என்பதால்தான். லண்டவரிக் கல்லூரியில் பல ஆண்டுகள் வெல்ஷ் மொழி கற்பித்தார். பகலில் கவிதை, மாலையில் பந்து. பின்னர் கார்மார்தனில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் விரிவுரையாளரானார். 1971இல் பிரித்தானிய லயன்ஸ் அணியின் பயிற்றுநராக நியூசிலாந்துக்குச் சென்றார். நான்கு ஆட்டங்களில் இரண்டில் வெற்றி, ஒன்றில் தோல்வி, ஒன்று சமநிலை. நியூசிலாந்து மண்ணில் லயன்ஸ் அணி வென்ற ஒரேயொரு தொடர் இன்றுவரை அதுவே. அடுத்த ஆண்டு ஒக்டோபர் 31இல் அவருடைய லனெல்லிக் கழகம் அதே நியூசிலாந்து அணியை 9-3 என்ற புள்ளிகளால் தோற்கடித்தது.

அவர் வென்ற முறையே இங்கு எனக்கு முக்கியம். வீரர்களைத் திட்டி விரட்டும் பயிற்றுநராக அவர் இருக்கவில்லை. நல்ல ஆசிரியர் மாணவனிடம் கேட்பதுபோல, நீ என்ன நினைக்கிறாய் என்று வீரர்களிடம் கேட்டார். ஒவ்வொருவரின் இயல்பையும் அறிந்து நடத்தினார். அவருடைய அதே கிராமத்தில் பிறந்த பாரி ஜோன் அந்தப் பயணத்தில் உலகமே வியக்க ஆடினார். வகுப்பறையில் பழகிய பொறுமைதான் மைதானத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

அவருடைய வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1970 ஜனவரியில் தென்னாபிரிக்க அணி லனெல்லியுடன் ஆட வந்தது. நிறவெறி ஆட்சியின் அணி அது. ஜேம்ஸ் தன் கழக வீரர்களை ஆட்டத்துக்குத் தயார்ப்படுத்தினார். அது அவருடைய கடமை. ஆனால் ஆட்டத்தைப் பார்க்க அவர் வரவில்லை. அது அவருடைய மனச்சாட்சி. அதே ஆண்டுப் பொதுத்தேர்தலில் வெல்ஷ் தேசியக் கட்சியின் வேட்பாளராக லனெல்லித் தொகுதியில் நின்று தோற்றார். வேல்ஸ் தேசிய அணியின் பயிற்றுநராக அவர் ஒருபோதும் அமர்த்தப்படவில்லை. அணித் தெரிவில் தனக்கு முழு அதிகாரம் வேண்டுமென அவர் நினைத்தார். நிர்வாகிகள் அதற்கு இணங்கவில்லை. பிற்காலத்தில் பத்திரிகையில் பத்தி எழுதினார். 1983 ஜனவரியில் அம்ஸ்டர்டாம் விடுதியொன்றில் தனிமையில் இறந்தபோது அவருக்கு வயது 53.

எதிர்வீரசிங்கமும் கார்வின் ஜேம்ஸும் ஒருவரையொருவர் அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் இருவரும் ஒரே உண்மைக்குச் சாட்சியாக நிற்கிறார்கள். சிறிய இனமொன்று பெரியவர்கள் நடுவே தலைநிமிர்ந்து நிற்க மொழியும் வேண்டும், உடலும் வேண்டும். இரண்டையும் பிள்ளைக்குப் பழக்கும் இடம் பாடசாலை. அங்கே விளையாட்டை அறிந்த ஆசிரியர், ஓட்டத்தையும் பாய்ச்சலையும் மட்டும் கற்பிப்பதில்லை. தோற்றபின் மறுபடி வரிசையில் நிற்பதை, வென்றவனின் கையைப் பற்றுவதை, தன்னால் முடியாத உயரமொன்று உண்டென ஒப்புக்கொள்வதை, சில வேளைகளில் 'நான் இதைப் பார்க்க வரமாட்டேன்' என்று மறுப்பதையும் கற்பிக்கிறார். இவற்றுக்கு மாதிரி வினாத்தாள் கிடையாது.

எதிர்க்கருத்து எனக்குத் தெரியாததல்ல. நாயாற்றுக் கரையில் வாடி போட்டு வாழும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பரீட்சை ஒன்றே ஏணி. புலமைப்பரிசிலும் சாதாரண தரமும்தான் அவனை வேறொரு வாழ்க்கைக்கு ஏற்றிவிடும். உயரம் பாய்ந்து பல்கலைக்கழகம் போனவர் இலட்சத்தில் ஒருவர். நான் கூட விளையாட்டால் உயர்ந்தவனல்லன். பரீட்சையால்தான் யாழ். பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்துக்குப் போனேன். ஆகவே பரீட்சையை இகழும் உரிமை எனக்கில்லை.

ஆனால் களவெடுத்த அந்த ஒரு பாடவேளையால் பெறுபேறு உயர்ந்திருக்கிறதா? காலையில் பாடசாலை, மாலையில் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன் என்று போகும் பிள்ளைக்கு இன்னொரு வினாத்தாள் என்ன புதிதாகக் கொடுத்துவிடும்? மாறாக, கரப்பந்தாட்ட அணியில் இடமிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பாடசாலைக்கு வந்து, வந்ததால் பாடத்தையும் படித்துத் தேறிய பிள்ளைகளை நான் இதே கரையில் கண்டிருக்கிறேன். தகப்பனோடு கடலுக்குப் போய்விடக் கூடிய, அல்லது போதைப்பொருளின் கையில் சிக்கிவிடக் கூடிய பதின்ம வயதுப் பையனை வாசலுக்குள் இழுத்து வைத்திருப்பது பல வேளைகளில் கணித பாடமல்ல. பந்துதான்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கரையின் பிள்ளைகள் சாதாரண பிள்ளைகளல்லர். 1984 டிசம்பரில் நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்குளாய் மக்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டபோது எனக்குப் பதினான்கு வயது. கரிக்கோடு போட்ட பனையையும் விட்டுவிட்டுத்தான் வந்தோம். 2004இல் கடல் வந்து கொண்டுபோனது. 2009இல் எஞ்சியதையும் இழந்து முட்கம்பிக்குள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று மரநிழலில் வினாத்தாள் எழுதுகிறார்கள். பயத்தையும் இழப்பையும் சுமந்த பெற்றோரிடம் வளரும் பிள்ளைக்கு ஓடியாடும் நேரம் மருந்து போன்றது. அதைப் பறிப்பது சிறிய விடயமல்ல.

இம்மண்ணில் திறமை இல்லை என்றும் சொல்ல முடியாது. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி, எழுபது வயதைக் கடந்த நிலையில், 2023இல் பிலிப்பைன்ஸில் நடைபெற்ற ஆசிய முதுநிலை மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்று வந்தார். அன்று எல்லோரும் அவருக்கு மாலையிட்டோம். படம் பிடித்தோம். எழுபது வயதிலும் ஓடக்கூடிய கால்கள் இந்த மாவட்டத்தில் இருக்கும்போது, பதினான்கு வயதுக் கால்களை மரநிழலில் மடக்கி வைத்திருப்பது என்ன நியாயம் என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். கல்வி அதிகாரிகளிடம் பெரிய மைதானமோ வெளிநாட்டுப் பயிற்றுநரோ வேண்டுமென நான் கேட்கவில்லை. நேரசூசியில் உள்ளதை நடத்துங்கள். பாடசாலையைப் பார்வையிட வரும்போது, கணிதப் பெறுபேற்றைக் கேட்கும் அதே குரலில், இந்த வாரம் பிள்ளைகள் மைதானத்தில் இறங்கினார்களா என்றும் கேளுங்கள். நீங்கள் கேட்டால் அதிபர் கேட்பார். அதிபர் கேட்டால் அந்த இளம் ஆசிரியர் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிச் செல்வார். ஊரில் கழகங்களுக்கு ஆடி ஓய்ந்த வீரர்கள் எத்தனையோ பேர் வேலையற்றோ கூலிக்கோ இருக்கிறார்கள். கல்வித் தகைமை உள்ளவர்களை ஆசிரியர்களாக்குங்கள். இல்லாதவர்களை மாலை வேளைகளிலாவது பயிற்றுநர்களாக அழையுங்கள். பெற்றோரே, உடற்கல்விப் பாடத்தை விட்டு ரியூசன் வைக்கும்படி ஆசிரியரை நெருக்காதீர்கள்.

அன்று அந்தப் பாடசாலையை விட்டுப் புறப்படுமுன் இளம் ஆசிரியரிடம் பனைமரக் கோட்டின் கதையைச் சொன்னேன். எதிர்வீரசிங்கம் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. அது அவருடைய குற்றமல்ல. அச்செய்தியை இரண்டு நிரலுக்குள் அடக்கியவர்கள் நாங்கள்தான். கதையைக் கேட்டு முடித்தவர், "ஆறடி எட்டு அங்குலம் எண்டால் எவ்வளவு ஐயா?" என்று கேட்டுவிட்டு, வகுப்பறைச் சுவரில் கையை வைத்து அளந்து பார்த்தார். கை எட்டவில்லை. பிள்ளைகள் வினாத்தாளை விட்டு அவரையே பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

அடுத்த தடவை நாயாற்றுக்குப் போகும்போது அந்தச் சுவரில் ஒரு கோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை இங்கே எழுதுவேன்.